சங்கு ஊதியாச்சு, கேஜ் இன்னும் மேல வரல

சின்னப் பசங்களுக்கு கோடிங் சொல்லிக்கொடுக்க மூளை வேணும்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு; உண்மையில இந்தத் தொழிலுக்கு வேண்டியது ரெண்டு நல்ல காதும், அது கெட்டுப்போனாலும் பரவாயில்லைங்கிற மனசும்தான்.

என்னை மாதிரி டியூஷன் மிஸ், டான்ஸ் மிஸ், அபாகஸ் மிஸ்னு ஊருக்கு ஊர் மாட்டிக்கிட்டு முழிக்கிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்களுக்குச் சொன்னா, "சின்னப் பசங்கதானே, ஜாலியா இருக்குமே"ன்னு சிரிப்பாங்க. அப்படிச் சிரிக்கிறவங்களை ஒரே ஒரு சாயந்திரம் என் கிளாஸ்ல உக்கார வெச்சு, கதவை வெளியில தாழ்ப்பாள் போடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முன்னாடி நானும் கே.ஜி.எஃப்.ல, அதான் எங்க கோலார் தங்கவயல்ல, பாதி பேர் பண்றதைத்தான் பண்ணிட்டிருந்தேன். விடியறதுக்கு முன்னாடி மாரிகுப்பத்துல ட்ரெயின் ஏறி, பெங்களூர்ல ஒரு ஆபீஸ்ல உக்காந்து, கிரெடிட் கார்டு வேணவே வேணாம்னு சொல்றவங்ககிட்ட நாள் பூரா போன்ல கெஞ்சிட்டு, ராத்திரி திரும்பி வர்ற உத்தியோகம். என் பொண்ணு யாழினி நான் கிளம்பும்போதும் தூங்குவா, வரும்போதும் தூங்குவா. ஞாயித்துக்கிழமை கண்ணு முழிச்சு நான் வீட்ல இருக்கறதைப் பாத்தா, "ட்ரெயின் போயிடுச்சாம்மா?"ன்னு பயந்துபோய்க் கேப்பா. அதனாலதான் ராபர்ட்சன்பேட்டையில பேக்கரிக்கு மேல மாடியில செல்வராஜ் சார் கோடிங் சென்டர் திறந்தப்போ, சம்பளத்தைக்கூட சரியாக் கேக்காம போய் சேர்ந்தேன். செல்வராஜ் சார் பெரிய கல்விமான்லாம் இல்ல. அதே ரூம்ல முதல்ல டைப்பிங் நடத்தினாரு, அப்பறம் ஸ்போக்கன் இங்கிலீஷ், அப்பறம் அபாகஸ். போர்டை மட்டும் மாத்துவாரு, பெஞ்சு அதேதான்.

பூனைப் படை

கோடிங்னதும் பயந்துடாதீங்க. ஸ்க்ரீன்ல கலர் கலரா கட்டை இருக்கும். "பத்து அடி நட", "திரும்பு", "சத்தம் போடு"ன்னு ஒவ்வொரு கட்டையிலயும் ஒரு வேலை எழுதியிருக்கும். அதை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒட்டிட்டு, மேல இருக்கிற பச்சைக் கொடியை அமுக்கினா, பொம்மை அதே வரிசையில செய்யும். அவ்ளோதான். எங்க சாஃப்ட்வேர்ல முதல்ல வர்ற பொம்மை ஒரு பூனை.

பூனையை நடக்க வைக்கிற வரைக்கும் பசங்க தங்கம். "சத்தம்"ங்கிற கட்டையைக் காட்டின நாள்தான் என் நிம்மதி போன நாள். பத்து லேப்டாப், பத்து பூனை, ஒவ்வொண்ணும் தனித்தனி நேரத்துல மியாவ். லோகேஷ்னு ஒருத்தன், ரெண்டாங்கிளாஸ் படிக்கிறவன், "எப்பவும் செய்"ங்கிற கட்டைக்குள்ள மியாவைப் போட்டுட்டு தண்ணி குடிக்கப் போயிட்டான். பூனைக்கு நிறுத்தத் தெரியல, எனக்கு எந்த லேப்டாப்புன்னு தெரியல. கீழேயிருந்து பேக்கரி அண்ணன் கையில மாவோட மேல ஏறி வந்து, ரூமை ஒரு சுத்து பாத்துட்டு சொன்னாரு: "மிஸ், இது தினமும் உண்டுன்னா சொல்லிடுங்க, எலி மருந்து வாங்குறதை நான் நிறுத்திடறேன்."

முதல்ல தொபுக்கடீர்

அடுத்த பாடம், சத்தம் சரியான நேரத்துல வரணும்ங்கிறது. நாய் ஓடி வந்து கிணத்துல விழும், விழுந்தவுடனே தொபுக்கடீர்னு சத்தம் வரணும். அதுக்கு "வெயிட்"னு ஒரு கட்டை இருக்கு. அதுல ஒரு பொட்டி, அதுக்குள்ள எத்தனை செகண்டுன்னு நம்பர் போடணும். நாய் விழற வரைக்கும் சத்தம் பொறுமையாக் காத்திருக்கும்.

லோகேஷோட கிணத்துல தொபுக்கடீர் முதல்ல வந்துச்சு. நாய் சாவகாசமா நடந்து வந்து அப்பறம்தான் விழுந்துச்சு, அதுவும் சத்தமே இல்லாம. "இன்னாடா இது, நாய் விழறதுக்கு முன்னாடியே சத்தம்?"னு கேட்டேன். அவன் எனக்காகப் பரிதாபப்பட்டு, மெதுவா, புரியற மாதிரி விளக்கினான்: "நாய் வர்றதுக்குள்ள தண்ணி ரெடியா கீதான்னு செக் பண்ண வேணாமா மிஸ்?"

ஒரு செகண்டுன்னா எவ்ளோ நேரம்

வெயிட் கட்டையில ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடச் சொன்னா, ஒரு செகண்டுன்னா எவ்ளோன்னு பசங்களுக்குத் தெரியல. கையைத் தட்டிக் காட்டினேன். கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன். ஒண்ணும் ஏறல. சரி, வீட்ல பேசுற பேச்சை வெச்சே சொல்லலாம்னு, "அப்பா ஒரு செகண்ட்ல வரேன்னு சொல்வாரே, அவ்ளோ நேரம்"னு சொல்லிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

நிலான்னு ஒரு பொண்ணு, மூணாங்கிளாஸ், கிளாஸ்லயே அமைதியானவ. அவ அப்பாவும் ட்ரெயின்ல பெங்களூர் போய் வர்றவர்தான். வெயிட் பொட்டியில அவ போட்ட நம்பர் ஸ்க்ரீனைத் தாண்டிப் போயிட்டிருந்துச்சு. நாய் கிணத்துல விழுந்தாச்சு, சத்தம் வர்ற வழியைக் காணோம். ஏம்மா இவ்ளோன்னு கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "எங்கப்பா ஒரு செகண்ட்ல வரேன்னு போன்ல சொன்னா, நான் சாப்பிட்டு, பல் வெளக்கி, தூங்கியே போயிடுவேன் மிஸ்."

சாஃப்ட்வேர் அப்பா

பசங்களைவிடப் பெரிய தலைவலி, பசங்களைப் பெத்தவங்க. ஒரு அப்பா, பெங்களூர்ல சாஃப்ட்வேர்ல இருக்காராம், லீவு நாள்ல பையனைக் கூட்டிட்டுப் போக வந்தாரு. கழுத்துல ஆபீஸ் அடையாள அட்டை. லீவு நாள்லயும் அதைக் கழட்டல, குளிக்கும்போது கழட்டுவாரோ என்னவோ. பையன் ஆசையா, தான் செஞ்ச யானையைக் காட்டினான். யானை நடக்கும், காலை வைக்கிறப்போ எல்லாம் தொம் தொம்னு சத்தம். கால் தரையைத் தொடற அதே நேரத்துக்கு சத்தம் வரணும்னு அந்தக் குழந்தை ஒரு வாரமா உக்காந்து நம்பரை மாத்தி மாத்திப் பாத்திருக்கான்.

அப்பா யானையைப் பாக்கவே இல்ல. என்னைப் பாத்து, "இதுல கோடிங் எங்கே இருக்கு? பைத்தான் எப்போ ஆரம்பிப்பீங்க? ஏ.ஐ. உண்டா?"ன்னு வரிசையாக் கேட்டாரு. "சார், பையனுக்கு இன்னும் முன்பல்லே முளைக்கல"ன்னேன். அவர் முகம் சுருங்கிப்போய், பையனோட முதுகுல கை வெச்சுத் தள்ளிக்கிட்டே சொன்னாரு: "வயசு ஆறு முடியப் போவுது, இன்னும் கட்டை வெச்சு விளையாடிட்டிருந்தா இவன் எப்போ மிஸ் செட்டில் ஆவறது?"

குக்கர் விசிலுக்குப் பின்னாடி

அப்பறம் வீட்ல இருந்து சத்தம் ரெக்கார்டு பண்ணிட்டு வரச் சொன்னேன். இதை எந்த மிஸ்ஸும் செய்யாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எங்க ஊர்ல பாதி பேர் இருக்கறது மைன்ஸ், அதான் தங்கச் சுரங்கம், ஓடின காலத்து லைன் வீடு. ஒரே சுவருக்கு ரெண்டு பக்கமும் குடும்பம். இந்த வீட்ல தும்மினா அந்த வீட்ல "நூறாயுசு"ம்பாங்க. அங்க போய் ஒரு தனிச் சத்தத்தைப் பிடிக்க முடியுமா? லோகேஷ் கொண்டுவந்த மழைச் சத்தத்துல பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் சண்டை முழுசா இருந்துச்சு. மழைதான் கேக்கல.

நிலா, ட்ரெயினுக்குன்னு குக்கர் விசிலைப் பிடிச்சுட்டு வந்திருந்தா. நல்ல யோசனைன்னு சந்தோஷமா ஸ்பீக்கர்ல போட்டேன். விசில் அருமையா வந்துச்சு. விசில் அடங்கினதும் அவங்கம்மா பிரேமாவோட குரல், சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ சொல்லிட்டிருக்கு: "கோடிங்குக்கு ஆள் சேரலயாம். செல்வராஜ் அந்த ரூமை ஸூம்பா டான்ஸுக்கு விடப் போறானாம். அந்த மிஸ்ஸுக்கு இன்னும் தெரியாது, பாவம்." எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சங்கதி, எனக்கு குக்கர் சொல்லித்தான் தெரியணும்னு இருந்திருக்கு. மறுபடியும் அந்த இருட்டு ட்ரெயின், மறுபடியும் தூங்குற குழந்தை. அழுகையா வந்துச்சு, பசங்க முன்னாடி அழக்கூடாதுன்னு ஒயரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். நிலா பக்கத்துல வந்து, என் காதுல மட்டும் கேக்கற மாதிரி சொன்னா: "எங்கம்மா வர்ற எடத்தை மட்டும் வெட்டிடலாம் மிஸ், விசில் நல்லாதானே கீது."

செல்வராஜ் சாரின் தத்துவம்

நேரா செல்வராஜ் சார்கிட்ட போய் நின்னேன். மனுஷன் மறைக்கக்கூட இல்ல. டான்ஸ் மாஸ்டர் ரூமைப் பாத்துட்டுப் போயிட்டாராம், கண்ணாடி மாட்டுறதுக்கு சுவரைக்கூட அளந்தாச்சாம். "மிஸ், நான் உங்களுக்கு விரோதியா? பேரண்ட்ஸைக் கூப்பிட்டு ஒரு டெமோ வைங்க. அவங்க பசங்களை அடுத்த பேட்சுக்குச் சேத்தாங்கன்னா கோடிங். சேக்கலைன்னா அதே மைக்ல நான் ஸூம்பாவை அறிவிச்சுடறேன், கூட்டம் கூடினது வீணாகக்கூடாது பாருங்க"ன்னாரு.

இவ்வளவு நாள் உங்ககிட்ட வேலை செஞ்சேனே சார், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதான்னு கேட்டேன். நிஜமாவே கோவமாத்தான் கேட்டேன். அவர் டீயை உறிஞ்சிட்டு, ரொம்ப அன்பா சொன்னாரு: "முன்னாடியே சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதாம்மா சொல்லல."

வாயால ஊதின சங்கு

டெமோவுக்கு இன்னா செய்யலாம்னு பசங்களையே கேட்டேன். மைன்ஸ் செய்யலாம்னாங்க. மேல இரும்புச் சக்கரம், அதுல தொங்கற கேஜ், அதான் ஆளுங்களை உள்ள இறக்கற கூண்டு. கேஜ் கீழ போகும், கொஞ்ச நேரம் நிக்கும், மேல வரும். மேல வந்ததும் ஷிப்ட் முடிஞ்ச சங்கு ஊதும். கேஜுக்குள்ள குச்சி மனுஷங்க, தலைக்கு மட்டும் பசங்களோட போட்டோ. லோகேஷ் முதல் ஆளா தன் மூஞ்சியை ஒட்டிக்கிட்டான்.

சங்கு சத்தத்துக்கு எங்கே போறது? மைன்ஸ் மூடும்போது இந்தப் பசங்க பொறக்கவே இல்ல. சாஃப்ட்வேர்ல இருந்த சைரன் ஆம்புலன்ஸ் மாதிரி இருந்துச்சு. லோகேஷோட பக்கத்து வீட்டு முனுசாமி தாத்தா, மைன்ஸ்ல வேலை பாத்து பென்ஷன் வாங்குறவரு, அதைக் கேட்டுட்டு காறித் துப்பாத குறை. தானே ஊதறேன்னு வந்தாரு. மைக் முன்னாடி நின்னு, கண்ணை மூடி, அடிவயித்துலேர்ந்து ஊஊஊன்னு ஒரே மூச்சுல ஊதினாரு. கடைசியில ஒரு இருமல். இருமலை வெட்டிடலாமான்னு கேட்டேன். அவர் ரொம்ப யோசிச்சுட்டு சொன்னாரு: "வெட்டாதம்மா, அப்பறம் நான்தான் ஊதுனேன்னு எவன் நம்புவான்?"

கேஜ் கீழே

டெமோ அன்னிக்கு ரூம் நிறைஞ்சு படிக்கட்டு வரைக்கும் ஆளுங்க. அம்மாக்கள், அடையாள அட்டை அப்பா, முனுசாமி தாத்தா, டீயும் பன்னும் உண்டுன்னு கேள்விப்பட்டு அவர் கூட வந்த பென்ஷன் கோஷ்டி. சுவத்துல பெரிசா படம் விழுது. நிலா பச்சைக் கொடியை அமுக்கினா. பசங்க மூஞ்சியோட கேஜ் இறங்குச்சு, கீழ போய் நின்னுச்சு. நின்னது நின்னதுதான். மேல வரல. ஆனா தனிக் கட்டை வரிசையில இருந்த சங்கு தன் நேரத்துக்கு ஊதிடுச்சு, இருமலோட.

பழைய சங்கைக் கேட்டா பெரியவங்க கண்ணு கலங்கும்னு நான் நினைச்சிருந்தேன். ஒருத்தர் கண்ணும் கலங்கல. பென்ஷன் கோஷ்டி மொத்தமும் விருட்டுனு எழுந்து நின்னுச்சு. நேரம் தப்பி சங்கு ஊதினா, உள்ள ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். அப்போ ஊரே ஷாஃப்ட்டுங்கிற சுரங்கக் குழி வாசல்ல போய் நிக்கும், கேஜ் மேல வர்ற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டாங்க. அந்தச் சங்கை ஊதினதே முனுசாமி தாத்தாவோட வாய்தான். அவரும் எழுந்து நிக்கறாரு! "கேஜ் மேல வரலியேம்மா"ன்னாரு. அதைக் கேட்டு அம்மாக்களும் எழுந்துட்டாங்க. "எம்புள்ள உள்ள கீறான்"னு லோகேஷோட அம்மா சொல்றாங்க, லோகேஷ் அவங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நிக்கறான்.

நான் ஓடிப்போய் வெயிட் கட்டையைப் பாத்தேன். பொட்டி முழுக்க எட்டு. எட்டு, எட்டு, எட்டுன்னு இடமே இல்லாம எட்டு. லோகேஷைப் பாத்தேன். உள்ள எவ்ளோ நேரம் இருப்பாங்கன்னு அவன் காலையில தாத்தாகிட்ட கேட்டிருக்கான், ஷிப்ட்டுன்னா எட்டு மணி நேரம்னு அவர் சொல்லியிருக்காரு, ஒரு எட்டு போதாதுன்னு இவன் பொட்டி கொள்ற வரைக்கும் அடிச்சு வெச்சிருக்கான். நம்பரை மாத்தினேன், ஆரம்பிச்ச வெயிட் மாறல. எல்லாத்தையும் நிறுத்தி முதல்லேர்ந்து ஓட்டலாம்னு சிவப்பு பட்டன்கிட்ட கையைக் கொண்டுபோனேன். "நிறுத்துனா உள்ள கீறவன் கதி இன்னா?"ன்னு பின்னாடியிருந்து ஒரு அதட்டல். கையை எடுத்துட்டேன்.

இதுதான் சமயம்னு செல்வராஜ் சார் மைக்கைப் பிடிச்சாரு. "சின்ன டெக்னிக்கல் கோளாறுங்க, விடுங்க. இப்போ ஒரு சந்தோஷமான அறிவிப்பு"ன்னு ஆரம்பிச்சாரு. முடிஞ்சுது, நாளைக்கு மறுபடியும் ட்ரெயின்னு நினைச்சேன். முனுசாமி தாத்தா திரும்பி அவரை ஏற இறங்கப் பாத்துட்டு சொன்னாரு: "மொதல்ல கேஜ் மேல வரட்டும், அப்பறம் நீ வாயைத் திற."

மேலே

யாரும் உக்காரல. பேக்கரி அண்ணன் டீத் தட்டோட வாசல்ல நிக்கறாரு, ஒரு கிளாஸைக்கூட யாரும் தொடல. செல்வராஜ் சார் மைக்கைப் பிடிச்சபடி, மெல்லவும் முடியாம விழுங்கவும் முடியாம நின்னாரு. அப்போ நிலா என் கைக்குக் கீழ புகுந்து வந்தா. ஓரத்துலேர்ந்து "மேலே போ"ங்கிற கட்டையை மட்டும் தனியா இழுத்தா. அதை எதோடயும் ஒட்டல. காலியா இருந்த இடத்துல வெச்சு, அது மேலயே ஒரு அமுக்கு அமுக்கினா. கேஜ் அசைஞ்சுது. மெதுவா, ஆடி ஆடி, அத்தனை குழந்தைங்க மூஞ்சியோடயும் மேல வந்து நின்னுச்சு. தனிக் கட்டையையும் இப்படி ஓட்டலாம்னு நான் எப்பவோ ஒருநாள் சொன்னது எனக்கே அந்த நேரத்துக்கு ஞாபகம் வரல, அவளுக்கு வந்துச்சு.

கைத்தட்டல்ல கட்டடமே அதிர்ந்துச்சு. நிலாவை அவங்கம்மா பிரேமா தூக்கிக்கிட்டாங்க. என் கண்ணைப் பாக்க மட்டும் அவங்களுக்குக் கூச்சம், அது போகட்டும். அடுத்த பேட்சுக்கு முதல்ல பேர் கொடுத்தது அவங்கதான். அவங்க பின்னாடி எல்லா அம்மாக்களும் முண்டிக்கிட்டு வந்தாங்க. அந்த முண்டலைப் பாத்த செல்வராஜ் சார், கோடிங்தான் தன் உயிர் மூச்சுன்னு மைக்லயே சொல்லிட்டாரு. டான்ஸ் மாஸ்டருக்கு மொட்டை மாடி. கூட்டத்துல கடைசியா என்கிட்ட வந்தவர் சாஃப்ட்வேர் அப்பா. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி உருட்டிக்கிட்டே கேட்டாரு: "மிஸ், பையனுக்கு பைத்தான் அப்பறம் பாத்துக்கலாம்; இந்தக் கட்டையை எனக்கு வீட்ல போட்டுக் குடுப்பீங்களா?"

டீ நேரம்

கேஜ் மேல வந்தப்புறம்தான் பென்ஷன் கோஷ்டி டீயைத் தொட்டுச்சு. முனுசாமி தாத்தா பன்னை நனைச்சு நனைச்சுத் தின்னுட்டு, அந்த எட்டு நிறைஞ்ச கட்டையைக் காட்டி இது இன்னான்னு கேட்டாரு. சொன்னேன். இந்தப் பொட்டிக்குள்ள நம்பர் போட்டா, அது முடியற வரைக்கும் அடுத்த கட்டை வேலை செய்யாது தாத்தா, பொம்மை நின்ன இடத்துலயே நிக்கும்.

எங்க ஊர்ல ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஒருத்தர் வேன்ல வந்து, மைன்ஸை மறுபடியும் திறக்கப் போறோம்னு மைக்ல சொல்லிட்டுப் போவாரு. நான் ஸ்கூல் படிக்கிறப்போலேர்ந்து கேக்கறேன், குரல்தான் மாறுது. தாத்தா டீயைக் குடிச்சு முடிச்சு, கிளாஸைக் கவுத்து வெச்சுட்டு சொன்னாரு: "எங்களையும் இந்தக் கட்டையிலதாம்மா விட்டுட்டுப் போயிருக்கானுங்க, உள்ள எவ்ளோ நம்பர் போட்டானுங்கன்னுதான் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான்."

இப்பல்லாம் என் தலைக்கு மேல ஸூம்பா, காலுக்குக் கீழ பேக்கரி, நடுவுல பத்து பூனை, ஆனா யாழினி முழிச்சிருக்கும்போதே வீட்டுக்குப் போயிடறேன், அந்தச் சந்தோஷத்துக்கும் செல்வராஜ் சார் ஒரு வெயிட் கட்டை மாட்டி, அடுத்த பேட்ச் வரைக்கும்னு நம்பர் போட்டு வெச்சிருக்காரு.